போர்க்களக் கட்டளைகள்: நிஜமாகவே அப்படிச் சொன்னார்களா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வரலாறு எடுக்கிறேன். உலகப் போர்களோ பாளையக்காரர் போர்களோ எதை நடத்தினாலும் வகுப்பு முடிந்ததும் நாலு பேர் மேஜையைச் சுற்றி நின்றுவிடுவார்கள். "அந்தத் தளபதி அப்படிச் சொன்னாராமே, நெசமா சார்?" என்பதுதான் கேள்வி. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அவ்வளவு பெரிய சண்டையில தளபதி ஒருத்தர் கத்துனா எல்லாருக்கும் கேட்குமா சார்?

கேட்காது. அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் மச்சானிடம் பேசவே காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அங்கே பீரங்கிகூடக் கிடையாது. போர்க்களத்தில் பீரங்கி, ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள், குதிரைகள், அடிபட்டவர்களின் அலறல் எல்லாம் ஒன்றாகச் சேரும்.

புகையையும் மறந்துவிடக் கூடாது. 1880-களில் புகையில்லா வெடிமருந்து வரும்வரை, நாலு ரவுண்டு சுட்டாலே எதிரில் வெண்மூட்டம் போட்டுவிடும். அப்புறம் தளபதியின் குரலும் கேட்காது, முகமும் தெரியாது. ஓர் அதிகாரியின் குரல் பக்கத்தில் நிற்கும் தன் ஆட்களுக்கு எட்டினாலே பெரிய விஷயம். 'முழுப் படையையும் பார்த்து முழங்கினார்' என்று எங்கே படித்தாலும் அங்கேயே சந்தேகப்படத் தொடங்கலாம்.

அப்ப உத்தரவு எப்படித்தான் போகும்?

காலாட்படைக்கு முரசு, குதிரைப்படைக்கு ஊதுகொம்பு, கடற்படைக்குக் கொடி. தூரத்தில் இருப்பவர்களுக்குக் குதிரையில் ஓர் ஆள் துண்டுச் சீட்டோடு போவார். 1805 டிராஃபல்கர் கடற்போரில் 'ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்வான் என இங்கிலாந்து எதிர்பார்க்கிறது' என்று ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னது வாயால் அல்ல, கொடிகளால். மற்றக் கப்பல்களில் இருந்தவர்கள் அதைப் படித்தார்கள், அதனால் அந்த வாசகத்தில் சந்தேகமே இல்லை. முதல் உலகப் போரில் 1916 ஜூலை 1 காலை 7.30-க்கு சோம் களத்தில் பதுங்குகுழியிலிருந்து மேலே ஏறச் சொன்னது அதிகாரிகளின் விசில்.

வாயால் சொல்லும் கட்டளையும் உண்டு, ஆனால் அது வேறு ரகம். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும். 'பரேட்...' என்று இழுத்து முதலில் உஷார்படுத்துவார்கள், ஒரு நொடி விடுவார்கள், பிறகு 'சாவ்தான்' (நேராக நில்) என்று வெட்டினாற்போல் முடிப்பார்கள். நூறு தடவை பழகிய சொல் என்பதால் பாதி கேட்டாலும் உடம்பு தானாகச் செய்துவிடும். நிஜமான கட்டளை இப்படித்தான் இருக்கும். எழுவாய் பயனிலையோடு அழகாக அமைந்த வாக்கியத்தைக் கேட்டு யாரும் துப்பாக்கியைத் தூக்கியதில்லை.

ஒரு வசனம் நெசமா கட்டுக்கதையானு நீங்க எதை வச்சு முடிவு பண்ணுறீங்க?

முதலில், பக்கத்தில் நின்று காதால் கேட்டவர் யார் என்று பார்ப்பேன். அடுத்து, அவர் அதை எப்போது எழுதினார். மறுநாள் எழுதிய கடிதத்துக்கும் ஐம்பது வருடம் கழித்து எழுதிய நினைவுக்குறிப்புக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அப்புறம், அப்படிச் சொன்னதாக எழுதியதில் அவருக்கு என்ன லாபம். எதிரி ஒருவன் நம் ஆளைப் புகழ்ந்து எழுதியிருந்தால் அதற்கு எடை அதிகம்.

சொன்னதாகச் சொல்லப்படுபவரே 'நான் சொல்லவில்லை' என்று மறுத்த வசனங்களும் இருக்கின்றன. அதுவும் கீழே வருகிறது.

'கண்ணோட வெள்ளை தெரியுறவரைக்கும் சுடாதே'ன்னு சொன்னது யாரு?

அமெரிக்க விடுதலைப் போரில், 1775 ஜூன் 17 அன்று பாஸ்டன் அருகே நடந்த பங்கர் ஹில் சண்டையோடு சேர்த்துச் சொல்லப்படும் வாசகம் இது. (சண்டையில் பெரும்பகுதி நடந்தது பக்கத்தில் இருந்த பிரீட்ஸ் ஹில்லில். பெயர் மட்டும் தங்கிவிட்டது.) சொன்னவர் இஸ்ரேல் பட்னம் என்பார்கள் சிலர், வில்லியம் பிரெஸ்காட் என்பார்கள் சிலர். இன்னும் இரண்டு மூன்று பெயர்களும் உண்டு. ஒரே வாக்கியத்துக்கு இத்தனை சொந்தக்காரர்கள் என்றாலே யோசிக்க வேண்டும். பட்னம் பெயரோடு இதைப் பரப்பியவர்களில் மேசன் வீம்ஸ் என்ற பாதிரியாரும் ஒருவர். குட்டி வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்ட கதையைக் கட்டிவிட்டவரும் இவரேதான்.

இன்னொன்று, வாசகமே அமெரிக்காவுக்குச் சொந்தமில்லை. 1743-இல் ஜெர்மனியில் நடந்த டெட்டிங்கன் போரில் ஆண்ட்ரூ அக்னியூ என்ற ஸ்காட்லாந்து அதிகாரி கிட்டத்தட்ட இதையே சொன்னதாக ஒரு கதை ஏற்கெனவே உண்டு. அந்தக் காலத்து ராணுவ அதிகாரிகள் மத்தியில் புழங்கிய பேச்சு என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

சரி, யார் சொன்னா என்ன? அவ்வளவு கிட்ட வர்றவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?

வசனத்தை விட இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். குண்டு கொஞ்சம் லூசாகவே உட்காரும், அதனால் நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது குருட்டு அதிர்ஷ்டம். ஒரு தடவை சுட்டால் மருந்தை ஊற்றி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து மறுபடி தயாராக வேண்டும். நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவான். பங்கர் ஹில்லில் இருந்தவர்களிடம் மருந்தும் குறைவு. முதல் சுற்று வீணானால் அடுத்த சுற்றுக்குள் எதிரி துப்பாக்கியில் மாட்டிய ஈட்டிமுனை நெஞ்சுக்கு வந்துவிடும்.

அன்று இடப்பக்கம் நின்ற ஜான் ஸ்டார்க் என்ற கர்னல், வேலிக்கு முன்னால் ஒரு குச்சியை நட்டு, எதிரி அதைத் தாண்டும்வரை சுடக் கூடாது என்று வைத்ததாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் உண்மையான தளபதியின் வேலையாகத் தெரிகிறது. கண்ணின் வெள்ளையை ஆளாளுக்கு ஒரு தூரத்தில் பார்ப்பார்கள், குச்சி எல்லோருக்கும் ஒரே இடத்தில் நிற்கும். குன்றை ஆங்கிலேயர்கள்தான் பிடித்தார்கள். ஆனால் செத்தும் காயப்பட்டும் ஆயிரம் பேருக்கு மேல் இழந்து பிடித்தார்கள்.

'நீங்களே முதல்ல சுடுங்க'ன்னு எதிரிகிட்ட மரியாதையாச் சொன்னாங்களாமே, அது?

1745 மே 11, இப்போதைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃபோன்டெனாய். ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் எதிரெதிரே நின்றபோது ஆங்கிலேய அதிகாரி சார்லஸ் ஹே பிரபு முன்னால் வந்து, 'பிரெஞ்சுக் காவல்படையினரே, முதலில் சுடுங்கள்' என்றாராம். அதற்கு அவர்கள் 'நாங்கள் ஒருபோதும் முதலில் சுடுவதில்லை, நீங்களே சுடுங்கள்' என்றார்களாம். இந்தக் காட்சியை உலகத்துக்குக் கொடுத்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர். அவர் களத்தில் இல்லை.

களத்தில் இருந்த ஹே, போர் முடிந்த சில வாரங்களுக்குள் தன் அண்ணனுக்கு எழுதியது வேறு. தான் முன்னால் போய், எதிரிகளைப் பார்த்து மதுவைக் குடித்துவிட்டு, 'நாங்கள் வரும்வரை நில்லுங்கள், டெட்டிங்கனில் ஆற்றில் குதித்து நீந்தி ஓடியது மாதிரி ஓடிவிடாதீர்கள்' என்று நக்கல் செய்ததாக எழுதுகிறார். மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை, சுத்தமான வம்பிழுப்பு. மதுரைக்காரனுக்கு இது சட்டென்று புரியும். வோல்ட்டேர் கதையில் வருகிற பணிவுக்கும் பின்னால் ஒரு கணக்கு உண்டு. முன் பதிலில் சொன்ன அதே கணக்குதான், முதலில் சுட்டவன் துப்பாக்கி காலி.

வாட்டர்லூல வெலிங்டன் 'எழுந்து பாயுங்கள்'னு சொன்னது? 'காவல்படை சாகும், சரணடையாது'ங்கிறது?

1815 ஜூன் 18. பீரங்கிக் குண்டுக்குத் தப்ப, ஆங்கிலேயக் காவல்படையை மேட்டுக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். நெப்போலியனின் படை நெருங்கியதும் அவர்களை எழுப்ப ஏதோ ஓர் உத்தரவு வேண்டும்தானே? பின்னாளில் இதைக் கேட்டபோது, 'எழுந்து நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம், பிறகு தாக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவு கொடுத்தேன்' என்கிற மாதிரிதான் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன் பதில் எழுதினார். பாதி உண்மை, மீதி மற்றவர்கள் போட்ட மசாலா.

இரண்டாவது வசனம் இன்னும் வேடிக்கை. பிரெஞ்சுத் தளபதி கம்ப்ரோன் பெயரில் பாரிஸ் பத்திரிகையில் சில நாட்களிலேயே அச்சாகிவிட்டது. அவரோ சாகவில்லை, அன்றே சிறைபிடிக்கப்பட்டார். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று பின்னால் மறுத்தார். சரணடையச் சொன்னவர்களிடம் ஒற்றைக் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னார் என்று இன்னொரு கதை உண்டு, அதையும் மறுத்தார். யார் கேட்டார்கள்? சொந்த ஊரான நாந்த்தில் அவருக்குச் சிலை வைத்து, கீழே அதே வசனத்தைப் பொறித்துவிட்டார்கள்.

உத்தரவு தப்பாப் போயி குதிரைப்படை முழுக்க அழிஞ்சதுன்னு படிச்சேன். அதுல யார் மேல தப்பு?

ஆங்கிலேயரும் கூட்டாளிகளும் ரஷ்யாவோடு மோதிய கிரீமியப் போரின் பாலக்ளாவா சண்டை, 1854 அக்டோபர் 25. 'முழுக்க அழிந்தது' என்பது மிகை. சுமார் 670 பேர் பாய்ந்தார்கள், ஏறத்தாழ 110 பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் காயப்பட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, கட்டளை என்றால் என்ன என்று புரிய இந்த ஒரு சண்டை போதும். இங்கே வீரவசனம் எதுவும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது, அது இன்றும் பத்திரமாக இருக்கிறது.

ஆங்கிலேயப் படைத்தலைவர் ராக்லன் பிரபு உயரமான மேட்டில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் வரைபடம் மாதிரி தெரியும். வலப்பக்க மேடுகளில் துருக்கியரிடம் பிடித்த பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போகத் தயாராகிறார்கள் என்று பட்டது. அவர் சொல்லச் சொல்ல ஏரி என்ற தளபதி பென்சிலால் எழுதினார். குதிரைப்படை விரைந்து முன்னேறி, எதிரியைத் தொடர்ந்து போய், பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க முயல வேண்டும் என்று ராக்லன் பிரபு விரும்புகிறார், உடனடியாக. எந்தப் பீரங்கி, எந்தப் பக்கம் என்று சீட்டில் இல்லை. மேட்டில் நின்றவருக்கு அது கேட்க வேண்டிய கேள்வியாகவே தோன்றவில்லை.

சீட்டைக் கொண்டுபோனவர் கேப்டன் நோலன். கீழே பள்ளத்தில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. 'எதைத் தாக்க? எந்தப் பீரங்கி?' என்று கேட்டார். நோலன் கையை வீசி, 'அதோ உங்கள் எதிரி, அதோ உங்கள் பீரங்கிகள்' என்றார் என்பது பிறகு லூக்கன் சொன்னது. அந்தக் கை காட்டியதாக லூக்கன் புரிந்துகொண்ட திசையில், பள்ளத்தாக்கின் கோடியில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ரஷ்யர்களின் முழு பீரங்கி வரிசை. இரண்டு பக்க மேடுகளிலும் துப்பாக்கிகள். லூக்கன், பாய வேண்டிய பிரிவின் தலைவரான தன் மைத்துனர் கார்டிகனுக்கு உத்தரவைக் கடத்தினார். இருவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை, அதனால் கூடுதலாக ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்துகொள்ளவும் இல்லை. பாய்ச்சல் தொடங்கியதும் முதலில் செத்தவர்களில் நோலன் ஒருவர். அவர் என்ன நினைத்துக் கை காட்டினார் என்று கேட்க ஆளே இல்லாமல் போயிற்று.

தப்பு யார் மேல் என்றால், என் கட்சி இது: எழுதியவர் மேல். படிப்பவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று யோசிக்காமல் எழுதப்பட்ட உத்தரவு அது. மற்றவர்கள் ராக்லனைக் காப்பாற்றி லூக்கனைக் குறை சொல்வார்கள். நீங்களே சீட்டை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

நெல்சன் குருட்டுக் கண்ணுல தொலைநோக்கியை வச்சு உத்தரவை மதிக்காமப் போனது?

1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன். மேலதிகாரி பார்க்கர் 'சண்டையை நிறுத்து' என்பதற்கான 39-ஆம் எண் கொடியை ஏற்றினார். நெல்சன் நிறுத்தவில்லை, ஜெயித்தார். இது உறுதி. 'எனக்கு ஒரு கண்தானே, சில நேரம் குருடனாக இருக்க உரிமை உண்டு' என்றது பக்கத்தில் நின்ற கர்னல் ஸ்டூவர்ட் வழியாக வருகிறது, அதையும் ஓரளவு நம்பலாம். தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வைத்த நாடகம்தான் பின்னால் மெருகேறிய பகுதி.

பாடப்புத்தகத்தில் வராத ஒருவரைச் சொல்ல வேண்டும். அதே கொடியைப் பார்த்துக் கீழ்ப்படிந்து கப்பலைத் திருப்பியவர் கேப்டன் ரியூ. திரும்பும்போதே குண்டடிபட்டுச் செத்தார். கீழ்ப்படிந்தவருக்கு வசனமும் இல்லை, சிலேடையும் இல்லை.

'டார்பிடோ கெடக்குது, முழு வேகத்துல போ'ன்னு சொன்ன ஆளு?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அட்மிரல் ஃபாரகட், மொபைல் விரிகுடா, 1864 ஆகஸ்ட் 5. அன்றைக்கு டார்பிடோ என்றது இன்றைய கடற்கண்ணி. டெகம்சே என்ற கப்பல் அதில் மோதி மூழ்கியதும் முன்னால் போன கப்பல் தயங்கி நின்றது. ஃபாரகட் தன் கப்பலை அதைத் தாண்டி விடச் சொன்னார். செயல் உண்மை. இன்று எல்லோரும் சொல்லும் அந்தக் கச்சிதமான வாக்கியம் போர் முடிந்து பல வருடம் கழித்தே அச்சில் வருகிறது. ஏதோ திட்டியிருப்பார், அதுவரை எனக்கும் சந்தேகமில்லை.

'ஆயுதத்தைக் கீழ போடு'ன்னதுக்கு 'வந்து எடுத்துக்க'ன்னு சொன்ன ஸ்பார்ட்டா ராஜா?

லியோனிடாஸ், பாரசீகர்களோடு நடந்த தெர்மோபிலே போர், கி.மு. 480. இதை நமக்குச் சொல்பவர் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். அவர் வாழ்ந்தது ஐந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து. போருக்கு மிக நெருக்கமான காலத்தில் எழுதிய ஹெரோடோட்டஸிடம் இந்த வசனம் இல்லை. மேலே சொன்ன அளவுகோலை நீங்களே வைத்துப் பாருங்கள்.

அப்ப நெசமாவே சொன்னதுன்னு ஒண்ணுகூட இல்லையா?

இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் 1944 டிசம்பர் 22 அன்று பெல்ஜியத்தில் பாஸ்டோன் என்ற ஊரைச் சுற்றி வளைத்த ஜெர்மானியர்கள் சரணடையச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் 'நட்ஸ்' ('போங்கடா' என்கிற மாதிரி கொச்சை) என்று ஒரே சொல்லில் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்பினார். வாங்கிக்கொண்ட ஜெர்மன் அதிகாரிகளுக்கு அது சம்மதமா மறுப்பா என்றே புரியவில்லை, கொண்டுபோன கர்னல் விளக்க வேண்டியதாயிற்று.

ஸ்டாலினின் 'ஓர் அடிகூடப் பின்வாங்காதே' என்பதும் உண்மை. 1942 ஜூலை 28 தேதியிட்ட 227-ஆம் எண் ஆணை. படைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள், ஆனால் பொதுமக்கள் பார்க்க அச்சில் வந்தது 1988-இல்தான். கவனியுங்கள், நிஜமானவை பெரும்பாலும் காகிதத்தில் இருக்கின்றன.

நம்ம ராணுவத்துல சொன்னதெல்லாம் உண்மைதானா? சொல்லுங்க சார், வயித்தக் கலக்குது.

கலங்க வேண்டாம். நம்முடையவை அண்மைக் காலத்தவை என்பதால் வயர்லெஸும் கேமராவும் சாட்சியாக உண்டு. 1947 நவம்பர் 3 அன்று ஸ்ரீநகர் அருகே பட்காமில் மேஜர் சோம்நாத் சர்மா கையில் மாவுக்கட்டோடு சண்டையிட்டார். எதிரி ஐம்பது கஜத்தில் இருக்கிறான், ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டேன், கடைசி ஆள் கடைசித் தோட்டா வரை சண்டையிடுவேன் என்று அவர் தலைமையகத்துக்கு அனுப்பிய செய்தி, அவருக்குக் கொடுத்த பரம்வீர் சக்ரா விருதுரையிலேயே இருக்கிறது. கார்கிலில் கேப்டன் விக்ரம் பத்ரா 'யே தில் மாங்கே மோர்' (இந்த மனசு இன்னும் கேட்கிறது) என்றது தொலைக்காட்சிப் பேட்டியில் பதிவானது. ஒரு குளிர்பான விளம்பர வரியை வெற்றிச் சமிக்ஞையாக வைத்திருந்தார்.

பின்னாளில் தரைப்படைத் தலைமைத் தளபதியான மானெக்ஷா விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் பின்வாங்கல் இல்லை, அந்த உத்தரவு வரவே வராது' என்று 1962-இல் அவர் சொன்னது பிரபலம். ஆனால் நவம்பர் 21-இல் சீனா போர்நிறுத்தம் அறிவித்த சமயத்தை ஒட்டித்தான் அவர் வடகிழக்கு எல்லையில் அடிவாங்கியிருந்த படைப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். அதாவது அது சண்டைக்கு நடுவே பிறந்த கட்டளை அல்ல, மனம் உடைந்த படையை நிமிர்த்தச் சொன்னது. 1971 ஏப்ரலில் 'இப்போது போருக்குத் தயாரில்லை' என்று இந்திரா காந்தியிடம் சொன்ன காட்சியை, அவரே பல மேடைகளில் சுவையாகச் சொல்லித்தான் நாம் கேட்டிருக்கிறோம். நல்ல கதைசொல்லி அவர், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எங்க தாத்தா ஐ.என்.ஏ.ல இருந்தவரு. நேதாஜி தமிழ்ல கட்டளை கொடுத்தாரா?

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து மாணவர்கள் இதை விடாமல் கேட்பார்கள். மலேயா, பர்மா போன குடும்பங்கள் அங்கே அத்தனை. 'டில்லி சலோ' முழக்கம் 1943 ஜூலை 5 அன்று சிங்கப்பூரில் படைக்கு முன்னால் சொன்னது, அதில் ஐயமில்லை. படையின் பொதுமொழி ரோமன் எழுத்தில் எழுதிய இந்துஸ்தானி. தமிழர்கள் கூடிய கூட்டங்களில் பேச்சைத் தமிழில் பெயர்த்துச் சொன்னார்கள். ஆக, உங்கள் தாத்தா கவாத்துக் கட்டளையை இந்துஸ்தானியிலும், நேதாஜியின் பேச்சைத் தமிழிலும் கேட்டிருக்கலாம்.

தமிழிலேயே போர்முழக்கம் வேண்டுமென்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் இருக்கிறது. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு.' அதற்கு உரை தேவையில்லை.

கட்டபொம்மன் ஜாக்சன்கிட்டப் பேசின வரி, வட்டி, கிஸ்தி வசனம்?

எதிர்பார்த்த கேள்வி. அந்த வசனம் மேடையும் 1959-இல் வந்த திரைப்படமும் நமக்குத் தந்தது. ஆவணத்தில் இருப்பது வேறு. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலைய வைத்து, கடைசியில் ராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்கே கைகலப்பு வந்தது, கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி செத்தார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய செயலர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அந்த அறையில் நடந்த பேச்சு சொல்லுக்குச் சொல் யாரிடமும் இல்லை.

ஆனால் கட்டபொம்மனின் நிஜமான வார்த்தை ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். இன்று மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில்தான் அந்த இடம். தூக்கிலிடச் செய்த மேஜர் பானர்மேன் மறுநாளே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். விசாரணை முழுவதும் அஞ்சாமல் நின்றார், தன்னைப் பிடிக்க முனைந்த எட்டயபுரம் பாளையக்காரரை வெறுப்போடு அடிக்கடி பார்த்தார், தூக்குமரத்துக்கு உறுதியான நடையில் போனார் என்கிறார். போகும் வழியில் வாய்பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடியில், 'கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்துச் செத்திருந்தால் நன்றாயிருக்கும்' என்றாராம்.

இந்தக் கடைசி வார்த்தையைப் பானர்மேன் நேரில் கேட்கவில்லை, தனக்கு வந்து சொன்னதாகவே எழுதுகிறார். அதனால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடுகிறது. எழுதியவர் எதிரி, எழுதியது மறுநாள், கேட்டதையும் பார்த்ததையும் பிரித்துச் சொல்கிறார். சினிமா வசனத்தை மனப்பாடம் செய்த நாம் இந்தக் கடிதத்தையும் படித்திருக்க வேண்டும்.

மருது பாண்டியர் விட்ட அறிக்கையும் பின்னால யாரோ எழுதுனதா?

இல்லை. 1801 ஜூன் 16 தேதியிட்ட அறிக்கை, திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது. கம்பெனியார் கையில் சிக்கியதால் அவர்கள் ஆவணங்களிலேயே தங்கிவிட்டது. 'ஐரோப்பிய இழிபிறவிகளின் தீராத பகைவன்' என்ற பொருளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மருது. ஓர் ஊரில் நின்று முழங்குவதை விடச் சுவரில் ஒட்டியது அதிகம் பேருக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டவர். முதல் கேள்விக்கான பதிலை அவர் அன்றே தெரிந்து வைத்திருந்தார்.

கூடவே வரும் துணைக்கேள்வி, சின்ன மருது வெள்ளைக்கார அதிகாரிக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தாரா என்பது. ஆம், ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக்குறிப்பில் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றது சின்ன மருதுவிடம் என்று எழுதுகிறார். 1830-இல் வந்த புத்தகம், முப்பது வருட இடைவெளி உண்டு. ஆனால் தன் படை தூக்கிலிட்ட ஒருவரைப் பற்றி அன்போடு எழுதிப் பெற அவருக்கு ஒன்றும் இல்லை.

'மூக்கை அறுத்துட்டு வா'ன்னு மைசூர் ராஜா உத்தரவு போட்டதாச் சொல்றது நெசமா?

திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் நடந்த மூக்கறுப்புப் போர். கேட்கும்போது கட்டுக்கதை போல இருக்கும். ஆனால் அதே காலத்தில் திருச்சியில் இருந்த ஜேசுயிட் பாதிரியார்கள் எழுதிய கடிதத்தில் மைசூர்ப் படை மூக்குகளை அறுத்தது வருகிறது. ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி படையோடு வந்து மதுரையைக் காத்தார். பிறகு மதுரைப் படை மைசூருக்குள் போய் அதையே திருப்பிச் செய்தது. நம் ஊர்க்காரர்கள் அந்த இரண்டாவது பாதியைச் சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்துவார்கள்.

பாண்டியன் நெடுஞ்செழியன் தலையாலங்கானத்துல போட்ட சபதம்?

புறநானூற்றின் 72-ஆம் பாடல், பாடியவர் என்று அரசன் பெயரே இருக்கிறது. என்னைச் சிறுவன் என்று இகழ்ந்தவர்களைச் சிதறடித்து முரசோடு கைப்பற்றாவிட்டால், என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், கேட்டு வந்தவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். இதைக் கட்டளைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. இது வஞ்சினம், அதற்கென்று இலக்கணமே வகுத்த துறை. யாப்போடு களத்தில் பேசினானா என்று கேட்பது பொருந்தாது. ஆனால் தோற்றால் என்ன இழப்பேன் என்று அந்தக் காலத்து மதுரை அரசன் எதை எண்ணினான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. புலவர் பாடாமல் போவது அந்தப் பட்டியலில் இருக்கிறது பாருங்கள்.

கடைசியா ஒண்ணு சார். பரீட்சைல 'இதைக் கூறியவர் யார்'னு கேட்டா என்ன எழுதறது?

கொள்குறி வினா என்றால் விடைக்குறிப்பில் எது இருக்குமோ அதைக் குறியுங்கள், அங்கே வாதாடி மார்க்கை விடாதீர்கள். கண்ணின் வெள்ளைக்குப் பட்னமும் பிரெஸ்காட்டும் இரண்டு பேருமே விருப்பத்தில் இருந்தால் தேர்வு முடிந்ததும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். விரிவான விடை எழுதும் தேர்வில் 'கூறினார்' என்பதற்குப் பதிலாகக் 'கூறியதாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதுங்கள். கட்டபொம்மனைப் பற்றிக் கேட்டால் பானர்மேன் கடிதத்தைத் தேதியோடு எழுதுங்கள், 1799 அக்டோபர் 17.